ஏழு பாட்டன்மாரும் ஒரு மாப்பிள்ளையும்

நான் பழிவாங்கும் குணம் உள்ளவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எங்கள் கசாக் நாட்டுத் தராஸ் நகரத்தில் என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள், 'பாவம், விவரம் தெரியாத பெண், தட்டை மாற்றி வைத்துவிட்டாள்' என்று இன்றைக்கும் பரிதாபப்படுகிறார்கள். எனக்கு விவரம் தெரியும். எந்தத் தட்டு யாருக்கு என்று நன்றாகத் தெரிந்துதான் மாற்றி வைத்தேன்.

பெயர் குல்ஷாரா, வயது முப்பத்தொன்று. வாரத்தில் நான்கு நாள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். மற்ற மூன்று நாளும், ஊருக்கு வெளியே பழைய விமானத்தளத்தில் போட்டிருக்கும் பந்தயப் பாதையில் ஒற்றை இருக்கைக் கார் ஓட்டுகிறேன். எங்கள் வட்டாரத்தில் நடக்கும் 'பெரும் புல்வெளிக் கோப்பை'யில் ஓடுகிற கார்களில் ஆகப் பழையது என்னுடையதுதான். நானும், ஆம்புலன்ஸ் பணிமனையில் வேலை செய்யும் பாத்திர்கானும் சேர்ந்து அதை உயிரோடு வைத்திருக்கிறோம்.

போன பருவத்தில் எட்டுப் பந்தயங்கள். ஐந்தில் நான்தான் முதலில் கோட்டைத் தாண்டினேன். பருவ முடிவில் புள்ளிப் பட்டியல் வந்தபோது நான் நான்காம் இடத்தில் இருந்தேன். கோட்டைத் தாண்டுவது வேறு, வெற்றி பெறுவது வேறு என்று பந்தயங்களை நடத்தும் கூட்டமைப்பின் விதிப்புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. முன்னது ஓட்டுநரின் வேலை, பின்னது அலுவலகத்தின் வேலை.

கூட்டமைப்பின் தலைவர் ஷாய்மர்தன் அகா; 'அகா' என்றால் எங்கள் பக்கம் அண்ணன். ஒவ்வொரு பந்தயமும் அவருடைய உரையோடு தொடங்கும். உரை முடிந்ததும் தன் வெள்ளை ஜீப்பில் ஏறி எங்களுக்கு முன்னால் மூன்று சுற்று போவார். சன்னல் வழியாகக் கையை நீட்டி, ஆளில்லாத புல்வெளியைப் பார்த்து அசைத்துக்கொண்டே போவார். அந்த ஆமை வேகத்தில் எங்கள் எஞ்சின்கள் கொதித்துப்போகும். எப்படியும் இரண்டு கார்கள் பந்தயம் தொடங்குமுன்பே நின்றுவிடும். முடிவுப் பட்டியலில் அவற்றுக்கு நேராக 'தலைவருக்கு மரியாதை செய்கையில் ஓய்வு' என்று எழுதுவார்கள். பரிசு மேடையில் மூன்று படிகளுக்குப் பதில் நான்கு படிகள். நான்காவதுதான் உயரமானது. ஜெயித்தவருக்குக் கோப்பை கொடுத்துவிட்டு, தலைவருக்குச் சரிகை வேலை செய்த, 'சப்பான்' என்கிற நீள அங்கி போர்த்துவார்கள். எட்டுப் பந்தயத்துக்கு எட்டு அங்கி. அவருக்கு எந்தப் பருவமும் தோல்வியில் முடிந்ததில்லை.

பந்தயம் முடிந்ததும் கார்களை எடை பார்ப்பார் பரிசோதகர் சாவித்பெக். குறைந்தபட்ச எடைக்குக் கீழே இருந்தால் வெற்றி ரத்து. மூன்று முறை என் கார் நாற்பது கிலோ குறைந்தது.

"காலையில சரியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"வெயில்ல வத்திப்போயிருக்கும்."

"கார் எப்படிங்க வத்தும்?"

"அதை நீங்கதான் எழுத்துமூலமா விளக்கணும்," என்று ஒரு தாளை நீட்டினார். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து புரியவில்லை என்று அதற்கும் இரண்டு புள்ளி குறைத்தார்கள்.

சரி, புதிய பருவத்துக்கு வருகிறேன். இந்த முறை கோப்பைக்கு வெளிநாட்டு அங்கீகாரம் கிடைக்கப்போவதாக மார்ச் மாதம் அறிவித்தார்கள். பட்டம் வெல்கிறவர் அடுத்த ஆண்டு பெரிய பந்தயத் தொடரில் ஓடலாம். கோப்பையில் ஓட மொத்தம் பத்தே இடங்கள். குளிர்காலம் முழுக்க நானும் பாத்திர்கானும் விரல் விறைக்க எஞ்சினைப் பிரித்துச் சேர்த்திருந்தோம். அந்தக் கார் இன்னொரு ஆண்டு தாங்காது என்று இருவருக்கும் தெரியும். எனக்கு இந்தப் பருவம்தான். இதை விட்டால் ஆம்புலன்ஸ் மட்டும்தான்.

அங்கீகாரத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். கூட்டமைப்பின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு உறவினர் யாரும் ஓட்டவும் கூடாது, நடுவராக இருக்கவும் கூடாது. கூட்டமைப்பு உடனே ஏழாம் எண் படிவத்தை உண்டாக்கிவிட்டது. விண்ணப்பிக்கப் போனபோது செயலாளர் மர்சியா அதை என் முன்னால் வைத்தாள்.

"உங்க அப்பாவுலேர்ந்து ஆரம்பிச்சு ஏழு பாட்டன்மார் பேரையும் வரிசையா எழுதுங்க."

"கார் ஓட்டுறதுக்கா, கல்யாணத்துக்கா?"

"தலைவருக்குச் சொந்தம்னு ஒருத்தரும் உள்ளே வந்திடக் கூடாது பாருங்க. அதுக்குத் தலைவரே யோசிச்சுக் கொண்டாந்தது."

ஏழு பாட்டன்மார் பெயர் தெரியாத கசாக் யார்? அந்த ஏழில் ஒருவர் பொதுவாக இருந்தாலும் எங்களுக்குள் கல்யாணம் கிடையாது. ஐந்து வயதில் என் அப்பா மனப்பாடம் செய்ய வைத்தது. கடகடவென்று எழுதினேன். மர்சியா தலைவரின் ஏழு பாட்டன்மார் பட்டியலை எடுத்தாள். அதைக் கண்ணாடித் தாள் ஒட்டிப் பத்திரமாக வைத்திருந்தாள். என் தாளுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே வந்தவள் ஆறாவது பெயரில் நின்றாள்.

"போதாபாய். அங்கேயும் போதாபாய், இங்கேயும் போதாபாய்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அடடா. நீங்க தலைவருக்குச் சொந்தமாச்சே. உங்களுக்கு இடம் கிடையாது."

போதாபாய் என்கிற மனிதர் செத்து இருநூறு வருஷம் இருக்கும். அவர் கார் பார்த்ததில்லை.

"அப்போ நுர்சாத்?" என்றேன். "தலைவரோட பொண்ணைக் கட்டினவன். அவன் பேரு பட்டியல்ல முதல்ல இருக்கே."

"நுர்சாத் தம்பியோட ஏழு பாட்டனையும் நானே சரிபார்த்தேன். ஒருத்தர்கூடப் பொருந்தலை. வேற குலம். வேற குலமா இல்லாமப் பொண்ணு குடுத்திருப்பாங்களா? யோசிச்சுப் பேசுங்க."

"சாவித்பெக்?"

"தலைவரோட அக்கா மகன். அவரு அவங்க அப்பா குலம்."

"நேரம் குறிக்கிற கம்பர் அகா? நுர்சாத்தோட அப்பா?"

"சம்பந்தி. அவரும் வேற குலம்." மர்சியாவுக்கு என் மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது. "பாருங்க, படிவத்துல அப்பா வழிதான் கேட்டிருக்கு. பொண்ணு வழி, பொண்டாட்டி வழி, அக்கா வழி எதுவும் கேக்கலை. கேக்காததுக்கு நாம ஏன் பதில் சொல்லணும்? மொத்த விண்ணப்பத்துலயும் தலைவருக்குச் சொந்தம்னு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

தலைவரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஷாய்மர்தன் அகா என்னை உட்கார வைத்து, பால் விட்ட தேநீர் கொடுத்து, அரைமணி நேரம் பேசினார்.

"இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேர்ந்து என் அப்பன் வழி ஆள் ஒருத்தனையும் நான் உள்ளே விட்டதில்லை. ஊர்ல போய் விசாரிச்சுப் பாரு. என் கூடப்பொறந்த தம்பிங்களே என்னைக் கரிச்சுக்கொட்டுறானுங்க. கொட்டட்டும். நேர்மைன்னா நேர்மை. வீட்டுக்காரி வழியில, மாப்பிள்ளை வழியில யாராவது வந்து கேட்டா மட்டும் முடியாதுன்னு சொல்ல வாய் வராது. ஆனா அது சொந்தமில்லை, குடும்பம். சொந்தத்துக்கு எடம் குடுத்தா அது ஊழல். குடும்பத்துக்குக் குடுக்கலைன்னா வீட்டுல சோறு கிடையாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவன் நிர்வாகம் பண்ண முடியாது."

நான் தேநீரைக் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்.

"இப்போ நீ எனக்குத் தங்கச்சி முறை ஆயிட்ட. வெள்ளிக்கிழமை பின்லாந்துலேர்ந்து ஆய்வாளர் வர்றார், அங்கீகாரம் குடுக்க. மத்தியானம் விருந்து. வந்து பரிமாறு. சொந்தக்காரப் பொண்ணு இருக்கும்போது வெளியாள் எதுக்கு?"

அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது எனக்குள் இருந்தது அவமானம் அல்ல, ஆத்திரம். பணிமனைக்குப் போய் பாத்திர்கானிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"சீட்டும் இல்லைன்னுட்டான். அவன் வீட்டுக்குப் போய்த் தட்டும் தூக்கப்போறியா?"

"போறேன்."

"ரோஷம்னு ஒண்ணு உனக்கு இருக்கா இல்லையா?"

"நிறைய இருக்கு. அதனாலதான் போறேன்."

நான் யோசித்தது இதுதான். மாப்பிள்ளையையும் சம்பந்தியையும் ஏழாம் எண் படிவத்துக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஊர் இறைச்சித் தட்டுக்குத் தெரியும். வெட்டிய ஆட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு உரிமையாளர் உண்டு. தலை, முக்கிய விருந்தாளிக்கு. இடுப்பெலும்பு, சம்பந்திக்கு. நெஞ்சுக்கறி, மாப்பிள்ளைக்கு. மாற்றி வைத்தால் அது சோற்றுப் பிரச்சினை இல்லை, குடும்பப் பிரச்சினை. என் பெரியப்பா ஒரு இடுப்பெலும்புக்காகப் பதினோரு வருஷம் தன் சம்பந்தியோடு பேசாமல் இருந்தார். ஷாய்மர்தன் அகாவோ இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேல். அடுத்தவர் வீட்டு விருந்திலேயே தட்டு தவறினால் எழுந்து சத்தம் போட்டுத் திருத்துகிற மனிதர். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை, பந்தயப் பாதையை ஒட்டிய கண்ணாடிக் கூடத்தில் விருந்து. ஆய்வாளர் ஹெய்க்கோனென் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். பக்கத்தில் மொழிபெயர்க்க ல்யுத்மிலா கிம். எங்கள் ஊர்க் கொரியப் பெண்மணி. யார் என்ன சொன்னாலும் ஒரு சொல் விடாமல் அதே குரலில் திருப்பிச் சொல்வார். தும்மினால் 'தும்மினார்' என்று சொல்கிற ரகம்.

ஹெய்க்கோனென் வந்தவுடனேயே அங்கீகாரப் பத்திரத்தை மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தார். அந்த நிமிஷமே கையெழுத்து வாங்கியிருந்தால் நான் இன்றைக்கும் ஆம்புலன்ஸ் மட்டும்தான் ஓட்டிக்கொண்டிருப்பேன். தலைவர் விடவில்லை.

"சாப்பிடாம கையெழுத்தா? எங்க ஊரைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று பேனாவை மூட வைத்தார். பிறகு எழுந்து உரையாற்றினார். உரை ஐம்பது நிமிடம். அதில் நாற்பது நிமிடம் கழித்து இப்படி ஒரு வரி வந்தது: "இந்த மேசையில உக்காந்திருக்கிறவங்கள்ல எனக்குச் சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தர்கூடக் கிடையாது. சொந்தக்காரி ஒருத்தி இருக்கா. அவளை அடுப்படியில வச்சிருக்கேன்." எல்லோரும் கை தட்டினார்கள். ஹெய்க்கோனெனும் தட்டினார். கதவருகில் நின்றிருந்த நானும் தட்டினேன்.

சமையல்காரர் அபில்தா தட்டுகளை முறைப்படிதான் அடுக்கிக் கொடுத்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. முதல் தட்டு, ஆட்டுத் தலை. அதைச் சரியாக ஆய்வாளர் முன்னால் வைத்தேன். அவர் ஆட்டைப் பார்த்தார், ஆடு அவரைப் பார்த்தது. சொல்லிக் கொடுத்தபடி ஒரு காதை அறுத்துப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். தலைவர் முகம் மலர்ந்தது.

இரண்டாவது, நெஞ்சுக்கறி. நேராகக் கொண்டுபோய் பந்தயத்தை ஒலிபெருக்கியில் வர்ணிக்கிற ஆள் முன்னால் வைத்தேன்.

தலைவரின் கண் துடித்தது. "தங்கச்சி," என்றார் மெதுவாக. "அது அங்கே இல்லை."

"எங்கே அகா?" நான் மெதுவாகக் கேட்கவில்லை.

"அந்தப் பக்கம்."

எடுத்துக்கொண்டுபோய் டயர் மாற்றுகிறவர் முன்னால் வைத்தேன். "இங்கயா?"

"இல்லைம்மா. இன்னும் கொஞ்சம் தள்ளி."

"யாருக்குன்னு சொன்னாத்தானே அகா வைக்க முடியும்?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆய்வாளரைப் பார்த்துச் சிரித்தார். நல்ல கட்டுப்பாடு. இன்னொரு சுற்று தாங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். நான் நெஞ்சுக்கறியை அங்கேயே விட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் இடுப்பெலும்புத் தட்டை எடுத்து வந்து, மாப்பிள்ளை நுர்சாத் முன்னால் வைத்தேன். பக்கத்திலேயே அவனுடைய அப்பா கம்பர் அகா வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா இருக்க மகனுக்கு இடுப்பெலும்பு. கம்பர் அகாவின் முகம் கல்லாகிவிட்டது. தொப்பியைக் கையில் எடுத்தார்.

அவ்வளவுதான், தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உங்கம்மா உனக்கு ஒண்ணுமே சொல்லித்தரலையா? இடுப்பெலும்பை எடுத்து என் சம்பந்திக்கு வை. அதோ உக்காந்திருக்கார் பாரு, கம்பர், என் பொண்ணோட மாமனார், அவருக்கு. நெஞ்சுக்கறி என் மாப்பிள்ளைக்கு. என் ஒரே பொண்ணை இவனுக்குத்தான் குடுத்திருக்கேன், ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? டயர்க்காரன் எனக்கு மாப்பிள்ளையா?"

பரிசோதகர் சாவித்பெக், போதையேற்றும் புளித்த குதிரைப்பாலான கும்மிஸ் இரண்டு கிண்ணம் குடித்திருந்தார். சிரித்தபடி எழுந்து, தலைவர் தட்டிலிருந்து பெரிய குதிரைக்கறி வில்லையாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "எனக்குத் தட்டே வேணாம். நான் அக்கா மகன். தாய்மாமன் தட்டுல கை வைக்க எனக்கு உரிமை உண்டு." வழக்கம்போல மேசை முழுவதும் சிரித்தது.

ல்யுத்மிலா கிம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். என் அம்மாவைப் பற்றிக் கேட்டதையும் விடவில்லை. ஹெய்க்கோனென் சின்னக் குறிப்பேட்டை எடுத்து, ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றிப் பெயர்களை எழுதிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். ல்யுத்மிலா எங்கள் மொழியில் சொன்னார்: "இவர் கேட்கிறார், பட்டியலில் முதலில் இருக்கும் ஓட்டுநர், நேரம் குறிப்பவர், கார் பரிசோதகர், மூவரும் உங்கள் உறவினரா?"

அப்போதுதான் தலைவருக்குத் தான் என்ன பேசினோம் என்பது உறைத்தது. பத்திரத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். அந்த நேரத்திலும் ஒப்புக்கொண்டிருந்தால் பாதியாவது பிழைத்திருப்பார். அவர் சம்பந்தியை விட்டுவிட்டுப் பதவி நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார்.

"அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றது. எங்க ஊர்ல பிடிச்சவங்களை மாப்பிள்ளைன்னு கூப்பிடுவோம், சம்பந்தின்னு கூப்பிடுவோம். இவங்களுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. படிவம் இருக்கு, பார்த்துக்கலாம்."

கம்பர் அகா தன் முன்னால் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த இடுப்பெலும்புத் தட்டை இரண்டு விரலால் மேசையின் நடுவுக்குத் தள்ளினார்.

"ஷாய்மர்தன். என் மகன் உனக்கு யாரு?"

"கம்பர், இப்போ வேணாம். படிவப்படி..."

"படிவத்தை நான் கேக்கலை. உன் பொண்ணு யார் வீட்டுல இருக்கா? என் வீட்டுலயா, படிவத்துலயா?"

நுர்சாத் வாய் நிறைய நெஞ்சுக்கறியோடு அப்பாவையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தான். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

கம்பர் அகா ல்யுத்மிலா பக்கம் திரும்பினார். "அம்மா, நான் நிதானமாச் சொல்றேன். ஒண்ணுகூட விடாம அவர்கிட்ட சொல்லுங்க."

"நான் விடுறதில்லை," என்றார் ல்யுத்மிலா.

கம்பர் அகா சொன்னார். நான் தட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து கேட்டேன். எடைமேடைக்கு அடியில் ஒரு மரக்கட்டை உண்டு. என் கார் ஏறும்போது சாவித்பெக் அதைக் காலால் உள்ளே தள்ளுவார், எடை குறைத்துக் காட்டும். நுர்சாத்தின் காருக்கு மட்டும் கடிகாரம் இரண்டாவது வளைவிலிருந்து தொடங்கும். தொடங்கியவர் கம்பர் அகாவேதான், அதையும் மறைக்கவில்லை. மூன்று பந்தயங்களின் முடிவுப் பட்டியல் முந்தின நாளே தட்டச்சாகிவிட்டது. "இந்தப் பொண்ணு ஜெயிச்ச பந்தயத்தையெல்லாம் என் மகனுக்கு எழுதினோம். ஏன்? சம்பந்தி கேட்டார்னு செஞ்சோம். இப்போ ஒட்டுமில்லை, உறவுமில்லைங்கறார். உறவில்லாதவனுக்கு நான் ஏன் பொய் சொல்லணும்?"

விருந்து முடிந்து கையேந்தி ஆசி சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் மேசையை விட்டு எழுவதில்லை. கம்பர் அகா எழுந்தார். மகனும் விழுங்கிவிட்டு எழுந்தான். ஹெய்க்கோனென் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆட்டின் இன்னொரு காதை அறுத்து என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன். அவ்வளவு ருசியான காதை நான் தின்றதில்லை.

ஒரே மாதத்தில் தலைவரும் சாவித்பெக்கும் கம்பர் அகாவும் பொறுப்பிலிருந்து போனார்கள். அங்கீகாரத்துக்கு ஆய்வாளர் போட்ட புது நிபந்தனைப்படி வெளியிலிருந்து மூன்று பேர் கொண்ட தற்காலிகக் குழு வந்தது. புதிய படிவத்தில் அம்மா வழி, மனைவி வழி, அக்கா வழி எல்லாம் கேட்டிருந்தார்கள். போதாபாய் இனி யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதால் எனக்கு இடம் கிடைத்தது. பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு ஷாய்மர்தன் அகா ஆம்புலன்ஸ் பணிமனைக்கு வந்தார். சப்பான் இல்லாமல் ஆள் சின்னதாக இருந்தார்.

"தங்கச்சி, அன்னிக்கு விருந்துல பேசினதெல்லாம் விளையாட்டுன்னு குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக் குடு. நாம ஒரே ரத்தம்."

"ஒரே ரத்தம்னுதானே அகா என்னை வெளியே நிறுத்துனீங்க? உங்க நேர்மையை நான் போய்க் கெடுக்கலாமா?"

நான் ஆம்புலன்ஸின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன், நிறுத்தவில்லை. அவர் போய்விட்டார். அவர்மேல் எனக்குத் துளியும் இரக்கம் வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகவும் இல்லை.

நுர்சாத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழு ஓட்டுநர்களைக் கூப்பிட்டுக் கேட்டது. மற்ற எட்டுப் பேரும் வேண்டாம் என்றார்கள். நான் மட்டும் எழுந்து, மாமனார் இப்போது எந்தப் பொறுப்பிலும் இல்லை, விதிப்படி தடை கிடையாது, சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒரு மணி நேரம் வாதாடினேன். சேர்த்தார்கள். வெளியே வந்ததும் பாத்திர்கான் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"உனக்குப் பைத்தியமா? அவனுக்காகவா பேசுன?"

"எனக்கு அவன் பாதையில வேணும், பாத்திர்கான். வீட்டுல உக்காந்திருந்தா நான் என்ன பண்றது?"

மே மாதம் முதல் பந்தயம். உரை இல்லை. ஜீப் இல்லை. கடிகாரம் எல்லோருக்கும் ஒரே இடத்தில் தொடங்கியது. நுர்சாத்தின் கார் என்னுடையதைவிடப் புதியது, ஆனால் அதை ஓட்டியது நுர்சாத். ஆறாவது சுற்றில் அவனுக்கு வழிவிடச் சொல்லி நீலக் கொடி காட்டினார்கள், ஒதுங்கினான், ஒரு சுற்று முன்னால் போனேன். பதின்மூன்றில் மறுபடியும் போனேன். பார்வையாளர் பகுதியில் ஒரு பக்கம் கம்பர் அகாவும் மறு பக்கம் ஷாய்மர்தன் அகாவும் உட்கார்ந்திருந்ததாகப் பாத்திர்கான் பிறகு சொன்னான். எனக்குப் பின்னால் வந்தவனுக்கும் எனக்கும் அப்போது நாற்பது விநாடி இடைவெளி. இருபது சுற்றுதான், எஞ்சினோ வயசானது, வேகத்தைக் குறைத்து நிதானமாக வீடு வந்து சேரலாம். குறை, குறை என்று பாத்திர்கான் பாதையோரம் நின்று இரண்டு கையாலும் சைகை காட்டினான். நான் பார்க்காதது போல மிதித்தேன். பத்தொன்பதாவது சுற்றில், பார்வையாளர்களுக்கு நேர் முன்னால், மூன்றாவது முறையாக அந்த மாப்பிள்ளையைத் தாண்டிப் போனேன்.